அட்டையில் இல்லாத மூன்றாவது காரணம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? தொலைபேசியில் உங்களுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை என்று தெரிந்த பிறகு, எழுதுவதே நல்லது என்று முடிவு செய்துவிட்டேன். எழுத்தில் கத்த வேண்டியதில்லை.

உங்களிடம் ஒரு வேலை ஆக வேண்டும். எங்கள் ஹோட்டலுக்குப் புதிய மேலாளர் வந்திருக்கிறார். வயது முப்பதுகூட இருக்காது. பாரில் மேசைக்கு ஒரு அட்டை வைக்க வேண்டும், அதில் ஒரு பானத்துக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்கிறார். ஆளுக்கு ஒரு பானம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். எனக்கு விழுந்தது டாம் காலின்ஸ். இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடத்தில் நான் அதிகம் கலந்தது அதுதான். உயரமான நேர் கிளாஸ், விளிம்பு வரை ஐஸ், ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, மேலே சோடா. நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு தடவை தூக்கிவிட வேண்டும். இரண்டாவது தடவை கலக்கினால் சோடா செத்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். பெயர்தான் தெரியாது.

"டாம் காலின்ஸுங்கறது யாருங்க? ஒரு ஆளா, ரெண்டு ஆளா?" என்று யாராவது கேட்பார்கள். "எனக்குத் தெரிஞ்சு இந்தப் பக்கம் வந்ததில்ல சார்" என்பேன். சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இனிமேல் அது செல்லாது.

உங்கள் தெருக் கோடியில் நூலகம் இருக்கிறது. தேடிப் பார்த்துப் பத்து வரியில் எழுதிக் கொடுங்கள். உங்களுக்குப் பத்து வரி போதாது என்று தெரியும். இருந்தாலும் பத்து வரி.

வழக்கமான வேண்டுகோள் ஒன்று. கடைசிப் பத்தியில் அண்ணனைப் பற்றி எழுதாதீர்கள். அவரும் நானும் பேசாமல் இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. யாருக்கும் ஒன்றும் குறைந்து போகவில்லை.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தம்பி


மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். முழங்கால் தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரி வேலைக்காரர்கள் காலைச் சாப்பாட்டை விட்டுவிடுவார்கள். நீ விடாதே.

நூலகத்தில் போய் மதுபானங்களைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்றேன். நூலகர் என் பழைய மாணவி. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், வீட்ல யாருக்காச்சும் பிரச்சனையா? எங்கிட்ட சொல்லுங்க" என்றாள். எனக்குத்தான் என்றேன். அன்றிலிருந்து எனக்கு மின்விசிறிக்குக் கீழே இருக்கை கிடைக்கிறது.

இரண்டு காரணங்கள் கிடைத்தன. முதலாவது, லண்டனில் பழைய ஹோட்டல் ஒன்றில் ஜான் காலின்ஸ் என்ற பரிமாறுபவர் இருந்தாராம். அவர் கலந்து கொடுத்த ஜின் பானத்தை அவர் பெயராலேயே கேட்டார்களாம். இது நடக்கக்கூடியதுதான். எங்கள் பள்ளியில் மணி அடிக்கிறவர் இஞ்சியைத் தட்டிப்போட்டு டீ கொடுப்பார். அவரைக் 'கட்டையன்' என்போம். அவர் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆன பிறகும், புதிதாக வந்த ஆசிரியைகள் "ஒரு கட்டையன் டீ" என்றுதான் கேட்டார்கள். அவர் உயரமா குட்டையா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது, ஜான் எப்படி டாம் ஆனார் என்பது. 'ஓல்ட் டாம்' என்று இனிப்புச் சேர்த்த ஒரு வகை ஜின் அப்போது உண்டு. அதை ஊற்றிச் செய்ததால் ஜான் போய் டாம் வந்துவிட்டார் என்கிறார்கள்.

வேறு சில வம்புக் கதைகளும் சொல்கிறார்கள். அவை மேசை அட்டைக்கு ஆகாது. தனித் தாளில் பத்து வரி எழுதி இணைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள். பதினொன்று இருந்தால் கடைசி வரியை அடித்துவிடு.

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் அண்ணன் கடைக்கு மேலே உள்ள அறைக்கு ஏறும்போது ஏழாவது படியில் நின்றுவிடுகிறான். கேட்டால், சாவியைத் தேடினேன் என்கிறான். சாவி கையில்தான் இருக்கிறது.

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் காலையில் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

அட்டை அச்சாகி வந்துவிட்டது. மற்றவர்கள் எழுதியதையெல்லாம் திருத்திய மேலாளர் உங்களுடையதில் ஒரு எழுத்தைத் தொடவில்லை. "யார் எழுதினது?" என்றார். எங்க அக்கா என்றேன். "அவங்களும் பார்லதான் இருக்காங்களா?" என்று கேட்டார். நாற்பது பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர் என்றேன். கொஞ்சம் நேராக நின்றார்.

அண்ணன் விஷயம். ஏழாவது படியோ எழுபதாவது படியோ, நான் கேட்டதைக் கேட்காததாக ஆக்க முடியாது. அந்த மூக்குக் கண்ணாடிக் கடையில் இரண்டு வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்தேன். அவர் மாதாமாதம் வருகிற லென்ஸ் விற்பனையாளரிடம் என்னைப் பற்றிச் சொன்னது என்ன? "அவன் கை பட்ட லென்ஸ் உருப்படாது. சோறு போட்டு வெச்சிருக்கேன், அவ்வளவுதான்." விற்பனையாளர் உங்களிடம் சொல்லி, நீங்கள் என்னிடம் சொன்னீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. தெரியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

நான் கிளம்பிய காலை உங்களுக்கு நினைவிருக்கும். பையோடு கடை வாசலில் நின்று, "நான் போறேன்" என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லாதவராக இருந்தால் கேட்டிருப்பார்.

இதோடு இதை விட்டுவிடுவோம்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 29

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருப்பதே எனக்கு நலம்.

அட்டையைப் பற்றி எழுதியது மகிழ்ச்சி. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உன் அண்ணனை நானே பிடித்து இழுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். இதயத்துக்குப் போகும் குழாய்களில் மூன்றில் அடைப்பு. நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டும் என்கிறார்கள். செப்டம்பர் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மருத்துவர் படம் வரைந்து காட்டினார். எனக்கு நம் வீட்டுப் பின்பக்கக் குழாய்தான் நினைவுக்கு வந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும், வருகிறதே என்று நாம் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அதுவும் நின்றது. இவன் இப்போது சொட்டுச் சொட்டில் இருக்கிறான்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளாதவன். கூட நிற்க நான் ஒருத்திதான். நர்ஸ் சொல்வது என் காதில் விழுவதில்லை. உன்னைக் கூப்பிடட்டுமா என்று அவனைக் கேட்டேன். "அவனுக்கு வேலை இருக்கும்" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. இதைக் கவனித்துக்கொள்.

பதினெட்டாம் தேதிக்கு முன்னால் வா. அந்த வார்த்தைகளைப் பற்றி எழுதியிருந்தாய். இப்போது அதைப் பற்றி நான் எழுதுவதற்கில்லை.

அன்புடன்
அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு இத்தனை முறை அலைவது முழங்காலுக்கு நல்லதல்ல.

வருவதைப் பற்றி யோசித்தேன். மருத்துவச் செலவில் என் பங்கை அனுப்புகிறேன். நான் வரவில்லை. அவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று என்ன பேசுவது? சோறு போட்டதற்கு நன்றி என்றா?

இன்னொரு விஷயம் எழுத வேண்டும். போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். பழைய பத்திரிகைக்காரர், பிழை திருத்துகிற வேலையில் இருந்தவராம். நம் அட்டையைக் கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு முறை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கு. ஆனா முக்கியமான கதைய விட்டுட்டீங்களே தம்பி" என்றார்.

"வேற கதையும் இருக்கா சார்?"

"இருக்கறதே அதுதான்யா! ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தி நாலு. அமெரிக்காவுல ஒரு விளையாட்டு. நீ சும்மா நின்னுட்டிருப்ப. ஒரு கூட்டாளி வந்து, 'டாம் காலின்ஸப் பாத்தியா? பக்கத்து பார்ல உக்காந்து உன்னப் பத்திக் கேவலமாப் பேசிட்டிருக்கான்'னு சொல்லுவான். உனக்கு சுர்ருனு ஏறும். ஓடுவ. அங்க போனா, 'இப்பதான் எந்திரிச்சு அடுத்த பாருக்குப் போனான்'னுவாங்க. அப்படியே ஊரெல்லாம் அலைவ."

"அப்புறம் அகப்பட்டானா?"

"எங்கே அகப்படறது? அப்படி ஒரு ஆளே கிடையாதுப்பா! பத்திரிகைக்காரங்களும் சேர்ந்துக்கிட்டு, இங்க பாத்தோம், அங்க பாத்தோம்னு எழுதினாங்க. தேடி வந்தவன் பார்ல வந்து 'டாம் காலின்ஸ் எங்கடா'ன்னு கத்துவான். பார்க்காரன் இந்த கிளாஸ நீட்டுவான். அப்படி வந்த பேருன்னு ஒரு கட்சி சொல்றாங்க."

நான் நம்பவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "இருய்யா, இப்பவே காட்டறேன்" என்றார். அந்த நேரம் பார்த்து எங்கள் சமையல் மாஸ்டர் எலுமிச்சை கேட்டு வந்தார். உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், ஆறடி, கையில் எப்போதும் கரண்டி. பெரியவர் மிகவும் வருத்தமான குரலில், "மாஸ்டர், வரவேற்புப் பக்கம் ஒருத்தர் உங்க சூப்பப் பத்திப் பேசிட்டிருந்தார். பாத்திரம் கழுவின தண்ணிங்கறார். எனக்கே மனசு கேக்கல" என்றார்.

மாஸ்டர் கரண்டியோடு போனார். வரவேற்பில் இருந்த பெண், விஷயம் தெரியாமலேயே, "இப்பத்தான் ஒருத்தர் வெளியே போனார்" என்றிருக்கிறாள். மாஸ்டர் கார் நிறுத்துமிடம் வரை போய்த் தேடிவிட்டு வியர்வையோடு திரும்பினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பெரியவர் எழுந்து, "விளையாட்டுக்குச் சொன்னேன் மாஸ்டர், அப்படி யாருமே இல்ல" என்று மன்னிப்புக் கேட்டார்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "ஆளு இல்லேன்னா என்னங்க? அந்த வார்த்தை காதுல விழுந்துருச்சுல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று முழுவதும் சூப்பை நான்கு முறை ருசி பார்த்தாராம்.

அக்கா, இந்தக் கதை நீங்கள் பார்த்த புத்தகங்களில் இல்லையா? இருந்திருக்கும். 'வம்புக் கதை' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். வகுப்பில், தெரிந்த காரணத்தை எழுதாமல் விட்டால் தப்பான விடைக்குப் போடுவது போலவே சுழி போடுகிறவர் நீங்கள். இதை மட்டும் ஏன் விட்டீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உங்கள் தம்பி


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்றே நினைக்கிறேன். நாற்பது நாளாகப் பதில் இல்லை. நீங்கள் இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதில்லை.

கிளாஸ் துடைத்துக்கொண்டிருக்கும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. நீங்கள் சொன்ன அன்று நான் அந்த லென்ஸ் விற்பனையாளரைத் தேடிப் போனது உங்களுக்குத் தெரியாது. அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவர் வழக்கமாகத் தங்கும் இரண்டு லாட்ஜிலும் கேட்டேன். பேருந்து நிலையத்தில் மூன்று நாள் நின்றேன். ஒரு லாட்ஜில் போன வாரமே போய்விட்டார் என்றார்கள். இன்னொன்றில் இந்த மாதம் வரவே இல்லை என்றார்கள். நாலாம் நாள் கிளம்பிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்விதான். அவர் உங்களை எங்கே பார்த்தார்? கடையிலா, பள்ளியிலா, வீட்டிலா?

உங்கள் தம்பி


ஜூலை 14

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் மே மாதக் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். ஜூலைக் கடிதத்துக்கு ஒரே முறையில் எழுதுகிறேன்.

அவர் என்னை எங்கேயும் பார்க்கவில்லை. அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அந்த வார்த்தைகளை நான்தான் உண்டாக்கினேன்.

அந்த வருடம் உனக்கு ஹோட்டல் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. நீ அதை உன் மேசை இழுப்பறையில் லென்ஸ் துடைக்கும் துணிக்கு அடியில் வைத்திருந்தாய். நான் துணி எடுக்கப் போய்ப் பார்த்தேன். சேர்வதற்குப் பதினொரு நாள் இருந்தது. உன்னைக் கேட்டேன். "அண்ணன் தனியாக் கஷ்டப்படுவார்க்கா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றாய். அடுத்த வருடம் என்று சொன்ன பிள்ளைகளை முப்பது வருடம் பார்த்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான் அப்படிச் சொல்வார்கள். ஊருக்குள் அவர்களை இன்றும் பார்க்கிறேன், கும்பிடுகிறார்கள்.

புத்தி சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்தது. பாசத்தால் உட்கார்ந்திருக்கிறவனைக் கோபத்தால்தான் எழுப்ப முடியும் என்று கணக்குப் போட்டேன். யார் பெயரைச் சொல்வது என்று யோசித்தேன். உன் அண்ணன் மனம்விட்டுப் பேசுகிற ஒரே ஆள் அந்த விற்பனையாளர்தான். அவர் திரும்பி வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதனால் அவரைத் தேர்ந்தெடுத்தேன். நீ ஒரு வாரத்தில் ஆறிவிடுவாய், அங்கே சேர்ந்த பிறகு உண்மையைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முதல் மாதம் நீ நன்றாகப் படிக்கிறாய் என்று எழுதினாய். சொன்னால் திரும்பிவிடுவாயோ என்று பயந்தேன். அப்புறம் ஒரு வருடம் ஆனது. வருடம் கூடக்கூட அதைச் சொல்வது சிரமமாகிக்கொண்டே போனது. எண்பது பக்க நோட்டில் முதல் பக்கத்துக் கணக்கில் தப்பு. கண்டுபிடித்தபோது எழுபது பக்கம் முடிந்திருந்தது.

அந்த மூன்றாவது காரணத்தை நூலகத்தில் படித்தேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால்தான் உன் அட்டையில் இல்லை.

உன் அண்ணன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவனுக்கு இது எதுவும் தெரியாது. நீ ஏன் போனாய் என்று அவன் என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

மன்னிப்பு கேட்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். செப்டம்பர் பதினெட்டு மாறவில்லை.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம்.

எனக்குச் சொல்லிவிட்டீர்கள். அவருக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் அவரைப் பற்றி நான் இங்கே நினைத்ததெல்லாம் அவருக்குத் தெரியாது. பட்டது நான் மட்டும் இல்லை. நீங்கள் நேரில் போய் அவரிடம் சொல்லுங்கள். நான் எழுதிச் சொல்லமாட்டேன். அது உங்கள் வேலை.

சொன்ன பிறகு எனக்கு எழுதுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

தம்பி


ஆகஸ்ட் 16

அன்புத் தம்பிக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் இரண்டு பேர் போகும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் சொன்னேன். உனக்கு எழுதிய அதே வரிசையில், ஒன்றும் விடாமல் சொன்னேன். அவன் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் காதுப்பக்கத் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். முடுக்குவதை நிறுத்தவில்லை.

நான் முடித்ததும், "நீ அந்த ஆளு பேரையா சொன்ன?" என்றான்.

"ஆமாடா."

"வேற யார் பேரும் சொல்லலையா?"

"இல்லை."

"சரி" என்றான்.

"திட்டுடா என்னை" என்றேன். "ஏன், திட்டினா உனக்குப் பாரம் குறையுமா? போய்ச் சாப்பிடுக்கா" என்றான். அவ்வளவுதான். வாசல் வரை வந்து, ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான். ஏற்றும்போது, "அவன் முகவரி ஒரு சீட்டுல எழுதிக் குடு" என்றான். கொடுத்தேன்.

கோபப்படுவான் என்று நினைத்துப் போனேன். அழுவானோ என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத் தனக்கு முன்னமே தெரியும் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும் பையன் இருப்பானே, அப்படி இருந்தான். எனக்கு விளங்கவில்லை. நீ சொன்னபடி செய்துவிட்டேன்.

அக்கா


ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

நலமா? நான் பரவாயில்லை. மருத்துவர் மாடி ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் கடையிலேயே கட்டில் போட்டுக்கொண்டேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ரசீதுதான் எழுதுவேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அக்கா வந்து எல்லாம் சொன்னது. தான் சொன்னது முழுப் பொய் என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. அதனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது.

நான் சொன்னேன்டா. அதே ஆளிடம்தான் சொன்னேன். நீ கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால். வார்த்தைதான் வேறு.

உன் கை உருப்படாது என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? நான் மூன்று தடவை தேய்த்து எடுக்கிற லென்ஸை நீ ஒரே தடவையில் எடுப்பாய். வருகிறவர்களெல்லாம் வாசலில் நின்றுகொண்டு, "சின்னவர் இல்லையா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால், அப்புறம் வருகிறேன் என்று போவார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அப்பா போன பிறகு பதினேழு வயதிலிருந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு இரண்டு வருடம்.

அன்றைக்கும் ஒரு அம்மா அப்படிக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஆள் சிரித்தார். நான், "இவன் எங்கயாச்சும் போய்த் தொலைஞ்சா என் கடைய நான் நிம்மதியா நடத்துவேன்" என்றேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். ராத்திரி நீ எனக்குப் பாய் விரித்தாய். எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து நீ பையோடு வந்து நின்றாய். அந்த ஆள் உன்னிடம் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன். தலையைத் தூக்கினால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால்தான் தூக்கவில்லை. நீ போன பிறகு அவரிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. வேறு ஆளிடம் லென்ஸ் வாங்க ஆரம்பித்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டார். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை என்று போன செவ்வாய்க்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

நீ போனதும் கடை நிம்மதியாக நடந்ததா என்று கேட்டால், நடந்தது. ஒரு வருடம் வரை சின்னவர் எங்கே என்று கேட்டார்கள். அப்புறம் கேட்கவில்லை. அதற்கப்புறம் எனக்கு அந்த நிம்மதி பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்காக இதை எழுதவில்லை. அங்கே எல்லாம் நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள். அக்காவிடம் இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீ படித்தவன்.

அண்ணன்


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சாப்பிடுகிறேன். தூக்கம் முன்னைப்போல இல்லை. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அண்ணன் எழுதினார். முன்னும் பின்னும் ஐந்து பக்கம், ரசீதுப் புத்தகத்துத் தாளில். மாஸ்டர் தட்டைத் தட்டி இரண்டு முறை கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லை. வந்து பார்த்துவிட்டு, "யாராச்சும் உன்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார். ஆமாம், சொன்னவரே எழுதியிருக்கிறார் என்றேன். மாஸ்டர் என் இடத்தில் நின்று எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்.

அண்ணன் எழுதியதில் கொஞ்சம் வலித்தது. கொஞ்சம், வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருந்தது. நான் உதவாதவன் என்று இருபத்திரண்டு வருடம் நினைத்துக்கொண்டு, அதைப் பொய்யாக்கத்தான் இங்கே வேலை செய்திருக்கிறேன். அந்த உழைப்பு வீண் போகவில்லை. ஆனால் அது தேவையே இல்லை என்று இப்போது தெரிகிறது.

என்ன எழுதினார் என்று நீங்கள் கேட்பீர்கள். நான் எடுத்துச் சொல்லமாட்டேன். நீங்கள் நினைக்கிற அளவுக்கு உங்கள் மேல் தப்பு இல்லை, நான் நினைத்த அளவுக்கு அவர் மேலும் இல்லை. இதற்கு மேல் அவர் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டும் என்று அவருக்கு எழுதிவிட்டேன்.

உங்களை மன்னித்தேனா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. நேரில் பார்க்கும்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

மேலாளர் ஒரு மாதம் விடுப்புக் கொடுத்திருக்கிறார். பதினான்காம் தேதி காலை வருகிறேன். நேராகக் கடைக்குத்தான் போவேன், அங்கேதான் தங்குவேன். கட்டில் ஒன்றுதான் இருக்கும், கீழே படுத்துக்கொள்கிறேன். மறுநாள் உங்களை வந்து அழைத்துப் போகிறேன். அதுவரை, அவர் என்ன சொன்னார் என்று எனக்கும், நான் என்ன எழுதினேன் என்று அவருக்கும் நீங்கள் ஒரு வார்த்தை கொண்டு போக வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நாங்களே பேசிப் பார்க்கிறோம்.

மருத்துவமனையில், கூட இருக்கப்போகிறவர் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்பார்கள். தம்பி என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கையெழுத்தை நான் வந்து போடுகிறேன்.

உங்கள் தம்பி